டிலனின் 'மாடர்ன் டைம்ஸ்': எது ஓவிட், எது டிம்ராட், எது பழைய ப்ளூஸ்? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

தட்டுச்சுழல் (கேள்வி)

பாப் டிலனின் 2006 ஆல்பம் 'மாடர்ன் டைம்ஸ்' பற்றி ஒரு சந்தேகம். பத்துப் பாடல்கள், பத்தும் டிலன் எழுதியதாகத்தான் உறையில் போட்டிருக்கிறது. ஆனால் பாடல் வரிகளைப் பற்றித் தேடினால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ரோமானியக் கவிஞர் ஓவிட் என்கிறார் ஒருவர். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக் கவிஞர் ஹென்றி டிம்ராட் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் எல்லாமே பழைய ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டு மரபு), புதிதாக ஒன்றுமில்லை என்று முடித்துவிடுகிறார்.

ஓவிட் நாடுகடத்தப்பட்டிருந்தபோது எழுதிய 'டிரிஸ்டியா'வை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏ.எஸ்.கிளைன் மொழிபெயர்ப்பில் திறந்து, டிலனின் வரிகளை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடியாயிற்று. ஒரு வரிகூட அப்படியே அகப்படவில்லை.

கேட்க நினைப்பது மூன்று. ஓவிட் விஷயம் உண்மையா, உண்மையென்றால் எங்கே பார்ப்பது? ப்ளூஸில் பொதுவாகப் புழங்கும் வரியையும் ஒரு குறிப்பிட்ட கவிஞரிடமிருந்து எடுத்த வரியையும் எப்படிப் பிரிப்பது? ஆல்பத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள எழுத்துகளிலேயே 'டிம்ராட்' ஒளிந்திருக்கிறது என்கிறார்களே, அதை நம்பலாமா?

---

ஓரக்குறிப்பு

ஓவிட் உண்மை. கிளைனில் கிடைக்காததற்குக் காரணம் எளியது: டிலன் ஓவிடின் லத்தீனிலிருந்து எடுக்கவில்லை, பீட்டர் கிரீனின் ஆங்கிலத்திலிருந்து எடுத்திருக்கிறார். ஓவிடின் நாடுகடத்தல் கவிதைகளை கிரீன் ஒரே தொகுப்பாக மொழிபெயர்த்து, பெங்குயின் 1994இல் வெளியிட்டது. 2005இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை மறுபடி கொண்டுவந்தது. 'டிரிஸ்டியா' ஐந்து புத்தகங்கள், 'கருங்கடல் கடிதங்கள்' நான்கு புத்தகங்கள், இரண்டும் அதில் உண்டு. ஆல்பத்தின் வரிகள் இந்தப் பதிப்போடு ஒத்துப்போகும் அளவுக்கு வேறு எதோடும் ஒத்துப்போவதில்லை.

இதற்குக் கைரேகை மாதிரி ஒரு சொல் இருக்கிறது. கடைசிப் பாடலான 'எய்ன்ட் டாக்கிங்'கின் கடைசி வரியைக் கேளுங்கள்: 'இன் தி லாஸ்ட் அவுட்பேக், அட் தி வேர்ல்ட்ஸ் எண்ட்'. அவுட்பேக் என்பது ஆஸ்திரேலிய ஆங்கிலம். அந்நாட்டின் உள்நிலப் பொட்டலுக்கு அவர்கள் சொல்லும் பெயர். ரோமானியக் கவிதையில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை? ஓவிட் நாடுகடத்தப்பட்ட கருங்கடல் ஓரத்துக் கடைக்கோடி ஊரைச் சொல்ல கிரீனாகப் பார்த்துப் போட்ட சொல் அது. 'கருங்கடல் கடிதங்கள்' 2ஆம் புத்தகம், 7ஆம் கடிதம், 66ஆம் வரியில் இருக்கிறது. வேறொரு மொழிபெயர்ப்பாளரின் வழியாக இந்த வரி டிலனிடம் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் கிளிஃப் ஃபெல் என்ற நியூசிலாந்துக் கவிஞர். ஆல்பம் வந்து இரண்டே மாதத்தில், 2006 அக்டோபரில், 'நெல்சன் மெயில்' நாளிதழில் எழுதினார். பிறகு ஹார்வர்டில் லத்தீன் இலக்கியம் நடத்தும் ரிச்சர்ட் தாமஸ் இந்தப் பட்டியலை நீட்டி, 2017இல் புத்தகமாகவே எழுதினார்.

தேடும் முறைக்கு வருகிறேன். முழு வரியைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. டிலன் பல வரிகளில் ஒரு சொல்லையாவது மாற்றிவிடுவார். 'எய்ன்ட் டாக்கிங்'கில் மூலைமுடுக்கெல்லாம் கண்ணீர் என்று ஒரு வரி வருகிறது. கிரீனிடம் 'நூக் அண்ட் கார்னர்'. டிலனிடம் 'நூக் அண்ட் க்ரேனி'. முழு வரியாகத் தட்டினால் தேடுபொறி கையை விரித்துவிடும். அதனால் வழக்கில் அதிகம் சேர்ந்து வராத இரண்டு மூன்று சொற்களை மட்டும் எடுங்கள். 'ஹெவன்லி எய்ட்', 'எக்ஸ்ட்ரா அவர்', 'மச் லவ்ட் கம்பானியன்ஸ்' போல. கிரீன் பதிப்பின் முன்னோட்டத் தேடலில் போடுங்கள். கிளைனைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஏறக்குறைய அதே பொருள் எந்தப் புத்தகத்தில், எத்தனையாவது கவிதையில் வருகிறது என்று அங்கே பார்த்துக்கொண்டு, சொல்லை மட்டும் கிரீனில் ஒப்பிடலாம். கிரீன் லத்தீன் வரி எண்களை ஓரளவு ஒட்டியே போவதால் இடத்தைப் பிடிப்பது சுலபம்.

அடுத்த சோதனைதான் முக்கியம். ஒரு பொருத்தம் கிடைத்தால் நிற்காதீர்கள், அது அக்கம்பக்கத்துப் பொருத்தங்களோடு சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். 'டிரிஸ்டியா' முதல் புத்தகத்தின் 3ஆம் கவிதை, ஓவிட் ரோமை விட்டுக் கிளம்பிய கடைசி இரவைச் சொல்வது. சாவு வீடு மாதிரி வீடே அழுகிறது. அந்த ஒரே கவிதையில் 24ஆம் வரியில் மூலைமுடுக்கின் கண்ணீர், 65ஆம் வரியில் விசுவாசமான அருமைத் தோழர்கள், 68ஆம் வரியில் மிச்சமிருக்கும் ஒரே ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் இருப்பது. மூன்றும் 'எய்ன்ட் டாக்கிங்'கில் இருக்கின்றன. அதற்கு முந்தைய 2ஆம் கவிதையிலிருந்து 'தெய்வத்தின் துணை எனக்குக் கிடைக்காது என்று யார் சொன்னது?' என்ற வரியும் அதே பாட்டில் வருகிறது. ஒன்று என்றால் தற்செயல். அடுத்தடுத்த பக்கங்களிலிருந்து நான்கு என்றால், புத்தகம் மேசையில் திறந்து கிடந்திருக்கிறது என்றுதான் பொருள்.

'வொர்க்கிங்மேன்ஸ் ப்ளூஸ் நம்பர் 2'இல் வேறு மாதிரி. 'டிரிஸ்டியா' 2ஆம் புத்தகம் முழுக்கப் பேரரசர் அகஸ்டஸிடம் போடும் கருணை மனு. 'உமக்கு எதிராக நான் ஆயுதம் எடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது', 'உமது கொடிய ஆயுதங்களை எடுத்து வையும்' என்பவை அரசரிடம் சொன்னவை. 5ஆம் புத்தகம் 14ஆம் கவிதை மனைவிக்கு எழுதியது. 'என்னைவிட எனக்கு அருமையானவளே' என்பது அங்கிருந்து. டிலன் என்ன செய்கிறார்? ஆயுதத்தைப் பரணில் வைத்துவிட்டேன், வந்து மடியில் உட்கார் என்று இரண்டையும் ஒரே மூச்சில் ஒரு பெண்ணிடம் சொல்ல வைக்கிறார். அரசனிடம் கெஞ்சியதும் மனைவியிடம் கொஞ்சியதும் ஒரே கண்ணியில். ஆயுதமும் கைமாறிவிட்டது கவனியுங்கள். ஓவிடில் அது பேரரசருடையது, டிலனில் பாடுகிறவனுடையது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், ஆல்பத்தின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். முதல் பாட்டு 'தண்டர் ஆன் தி மவுண்டன்'. அதில் 'காதல் கலை'யை உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன், அது எனக்குக் கையுறைபோலப் பொருந்தும் என்று ஒரு வரி, பாதி வேடிக்கையாக. 'காதல் கலை' ஓவிடின் புத்தகம். கி.பி. 8இல் அகஸ்டஸ் அவரைத் தோமிஸுக்கு (இன்றைய ருமேனியாவின் கான்ஸ்தான்சா) துரத்தியதற்கு ஓவிட் தானே சொல்லும் காரணம்: ஒரு கவிதை, ஒரு பிழை. பிழை என்னவென்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. கவிதை இந்தக் 'காதல் கலை'தான். ஆக முதல் பாட்டில் குற்றம், கடைசிப் பாட்டின் கடைசி வரியில் தண்டனை. தனித்தனிப் பொருத்தங்களைவிட இந்த அமைப்புதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பாடல் வரிசையை மாற்றிப் போட்டுக் கேட்பவர்களுக்கு இது அகப்படாது.

---

டெல்டாக்காரன்

ஓவிட் பத்தி மேலே சொன்னதுக்கு மறுப்பு இல்லை. ஆனா ரெண்டாவது கேள்விக்கு பதில் வேற இடத்துல இருக்கு.

ப்ளூஸ்ல, பழைய நாட்டுப்புறப் பாட்டுல, யாருக்கும் சொந்தமில்லாம ஊர் சுத்துற வரிகள் உண்டு. நம்ம ஊர் ஒப்பாரி, தாலாட்டுல ஒரே அடி ஊருக்கு ஊர் வருதே, அந்த மாதிரி. அந்த வரியை வச்சு 'இவர்கிட்டேர்ந்து எடுத்தார்'னு யார் பேரையும் சொல்ல முடியாது. 'ஹேண்ட் மீ டவுன் மை வாக்கிங் கேன்', 'லாங் அண்ட் லோன்சம் ரோட்', ரெண்டும் இந்த ரகம். 'எய்ன்ட் டாக்கிங்' ஆரம்பமே 'ஆஸ் ஐ வாக்ட் அவுட்'. நூத்துக்கணக்கான ஆங்கில, ஐரிஷ் கதைப்பாட்டு அப்படித்தான் தொடங்கும்.

பல்லவியோ பொது வரி இல்லை. பேசல, நடக்கிறேன், நெஞ்சு எரியுது, இன்னும் ஏங்குது. இது ஸ்டான்லி பிரதர்ஸ்ங்கிற அண்ணன் தம்பி பாடகர்களோட 'ஹைவே ஆஃப் ரிக்ரெட்' பாட்டுல அதே வரிசையில இருக்கு. நாலு துண்டும் அதே ஒழுங்குல வந்தா அது பொது வரி கிடையாது, குறிப்பிட்ட பாட்டு.

பயிற்சிக்கு 'நெட்டி மூர்' எடுத்துக்கங்க. இந்த ஆல்பத்துலயே நெருக்கமா பின்னின பாட்டு அதுதான். பல்லவி 1857ல வந்த 'ஜென்டில் நெட்டி மூர்'லேர்ந்து வருது. இசை போட்டவர் ஜேம்ஸ் பியர்பான்ட், அதே வருஷம் 'ஜிங்கிள் பெல்ஸ்' போட்ட அதே ஆள். அந்தப் பழைய பாட்டுல நெட்டி ஒரு அடிமைப் பெண், வித்து அனுப்பிடுறாங்க. டிலன் அந்தக் கதையைச் சொல்லவே மாட்டார். 'உன்னை நினைச்சு ஏங்குறேன், என் சந்தோஷம் முடிஞ்சுது'ங்கிற ரெண்டு வரி மட்டும். மூலம் தெரியாம கேட்டா சாதாரண காதல் ஏக்கம். தெரிஞ்சா, அந்த ஏக்கத்துக்குப் பின்னாடி ஒரு ஏலம் நிக்குது.

சரணங்கள்ல வர்றது: சதர்ன் ரயில் பாதை யெல்லோ டாக் பாதையை வெட்டுற இடத்துக்குப் போறேன். அந்த இடம் நிஜம், மிசிசிப்பியில மூர்ஹெட். ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ.சி.ஹேண்டி 1903 வாக்குல டட்வைலர் ரயில் நிலையத்துல ஒருத்தர் கத்தியால கிதார் கம்பியை அழுத்தி இந்த வரியைப் பாடக் கேட்டதா தன் வரலாற்றுல எழுதியிருக்கார். ப்ளூஸோட பதிவான தொடக்கங்கள்ல ஒண்ணு. அப்புறம் ஆல்பர்ட் கல்லறையில, ஃப்ராங்கி ரகளையில: 'ஃப்ராங்கி அண்ட் ஆல்பர்ட்' கதைப்பாட்டு. ப்ளூஸ் ஆலங்கட்டி மாதிரி விழுது: ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1937ல டல்லாஸ்ல பதிவு பண்ண 'ஹெல்ஹவுண்ட் ஆன் மை ட்ரெயில்'. இதுல எது பொது வரி, எது குறிப்பிட்ட ஆள்? என் கணக்கு: ஊர் பேரோ ஆள் பேரோ வித்தியாசமான உவமையோ இருந்தா குறிப்பிட்டது. வெறும் வினையும் வழியும் மட்டும் இருந்தா பொது.

மெட்டு தனிக் கணக்கு. 'வென் தி டீல் கோஸ் டவுன்' மெட்டு பிங் கிராஸ்பியோட 1931 பாட்டு. 'பியாண்ட் தி ஹொரைசன்' மெட்டு 1935ல வந்த 'ரெட் செயில்ஸ் இன் தி சன்செட்'. 'தி லெவீஸ் கோனா ப்ரேக்'குக்கு அடி 1929ல மெம்ஃபிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோ மெக்காயும் 1927 வெள்ளத்தைப் பத்திப் பாடினது. சொல்லைத் தேடுறப்போ மெட்டையும் சேர்த்துக் குழப்பிக்கிட்டா பட்டியல் எங்கேயோ போயிடும். ரெண்டு தாள் வச்சுக்கங்க.

---

இயைபு

டிம்ராட் பற்றி யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஹென்றி டிம்ராட் 1828இல் தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டனில் பிறந்தவர், 1867இல் காசநோயில் இறந்தவர். தென் மாநிலக் கூட்டமைப்பின் ஆஸ்தான கவி என்று அழைக்கப்பட்டவர். டிலனிடம் அவர் இருப்பதைப் பட்டியல் போட்டவர் ஸ்காட் வார்முத். 2006 செப்டம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' அதைச் செய்தியாக்கியது. டிம்ராட் கவிதைகளுக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. குட்டன்பர்க் தளத்தில் முழுத் தொகுப்பும் இலவசம். கிரீன் பதிப்பைவிடச் சோதிக்க எளிது: கோப்பை இறக்கி உள்ளேயே தேடலாம்.

இங்கே தேட வேண்டியது வேறு. ஓவிடிடமிருந்து டிலன் சொற்றொடர்களை எடுக்கிறார். டிம்ராடிடமிருந்து பெரும்பாலும் இயைபுத் தொடைகளை எடுக்கிறார், அடிகளின் இறுதியில் ஒத்து ஒலிக்கும் சொல் இணைகளை. 'வென் தி டீல் கோஸ் டவுன்'இல் பூக்களைவிட மென்மையான இந்த அருமையான மணித்துளிகள் என்று வரும் இடம். டிம்ராடின் 'எ ராப்சடி ஆஃப் எ சதர்ன் விண்டர் நைட்' கவிதையில் 'ப்ரெஷஸ் அவர்ஸ்' ஓர் அடியின் முடிவு, 'ஃப்ரெய்லர் தேன் தி ஃப்ளவர்ஸ்' இரண்டு அடி தள்ளி இன்னோர் அடியின் முடிவு. டிம்ராட் அங்கே மணித்துளிகளை மென்மை என்று சொல்லவே இல்லை. வாழ்க்கையைச் சும்மா சுகமாகக் கழிப்பதை நியாயப்படுத்தத் தான் பயன்படுத்திய தர்க்கம் பூவைவிட வலுவற்றது என்கிறார். டிலன் தர்க்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு ஓரங்களையும் ஒரே அடிக்குள் இழுத்துக் கட்டிவிட்டார். கூடவே 'மோர் ஃப்ரெய்லர்' என்று இலக்கணப் பிழையான இரட்டை ஒப்பீடு. பள்ளிக்கூடக் கவிஞரின் மடிப்புக் கலையாத வரியை வாய்ப்பேச்சாக ஆக்குவது அந்த ஒரு 'மோர்'தான்.

டெல்டாக்காரன் பேசிய ப்ளூஸ் வரியும் கவிஞரிடமிருந்து வந்த வரியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் இடம் இருக்கிறது. 'வொர்க்கிங்மேன்ஸ் ப்ளூஸ் நம்பர் 2'இல் நான்கு அடி:

இருட்டில் இராப்பறவைகள் கூப்பிடுவது கேட்கிறது.
ஒரு காதலரின் மூச்சு மேலே படுகிறது.
சமையலறையில் படுக்கிறேன், கால் கூடத்தில்.
தூக்கம் என்பது தற்காலிகச் சாவு.

இரண்டாம் அடியின் முடிவு 'ப்ரெத்', நான்காம் அடியின் முடிவு 'டெத்'. டிம்ராடின் 'டூ போர்ட்ரெய்ட்ஸ்' கவிதையில் அடுத்தடுத்த இரண்டு அடிகளின் முடிவுகள் 'லவர்ஸ் ப்ரெத்', 'டெம்பரரி டெத்'. அவர் பேசுவது ஒரு பெண்ணின் நெஞ்சில் இருக்கும் நற்குணங்களின் விதைகளைப் பற்றி: காதலரின் மூச்சு படும்வரை அவை தற்காலிகச் சாவில் கிடக்கும். டிலன் அந்த இணையைப் பிரித்து நடுவில் மூன்றாம் அடியைச் செருகுகிறார். அந்த அடி ராபர்ட் ஜான்சன் 1936இல் பதிவுசெய்த 'தே'ர் ரெட் ஹாட்' என்ற கிண்டல் பாட்டில் இருக்கிறது. அங்கே ஒருத்தி அத்தனை உயரம், சமையலறையில் படுத்தால் கால் கூடத்துக்கு வந்துவிடும், சிரிப்பதற்காகச் சொன்னது. டிலன் 'அவள்' என்பதை 'நான்' ஆக்கியதும் சிரிப்பு போய்விட்டது. இடமில்லாத வீட்டில் கூலிக்காரர் படுத்திருக்கிறார். கிண்டல் பாட்டும் நாசூக்கான கவிதையும் ஒரே கண்ணியில், தையல் தெரியாமல்.

இதே 'டூ போர்ட்ரெய்ட்ஸ்'இலிருந்து இன்னொன்று 'ஸ்பிரிட் ஆன் தி வாட்டர்'இல் வருகிறது: ஒளிந்திருக்கும் வலியின் ஊற்றை விளக்க முடியவில்லை என்ற இடம். அங்கும் 'எக்ஸ்ப்ளெய்ன்', 'பெய்ன்' என்ற இயைபோடு சேர்த்தே எடுத்திருக்கிறார். ஒரே கவிதையிலிருந்து இரண்டு பாடல்களுக்கு. மேலே ஓரக்குறிப்பு சொன்ன அக்கம்பக்கச் சோதனையில் இதுவும் தேறுகிறது.

இனி எழுத்து விளையாட்டு. 'மாடர்ன் டைம்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரில் டிம்ராட் பெயருக்கான ஆறு எழுத்துகளும் இருப்பது உண்மை. ஆனால் அதை ஆதாரமாக வைக்காதீர்கள். அந்தப் பெயரில் பதினொரு எழுத்துகள், அதிலும் ஆங்கிலத்தில் அடிக்கடி வருபவை. ஆறெழுத்துச் சொற்கள் எத்தனையோ அதில் அடங்கும். தவிர டிம்ராட் 2006இல் புதிதாக வந்தவரில்லை. 2001இல் வந்த 'லவ் அண்ட் தெஃப்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே, சிறுபிள்ளைக் கனவு அழியாத தேவை என்ற வரியில், அவருடைய 'எ விஷன் ஆஃப் போயெசி' இருக்கிறது. பெயருக்குள் ஒளித்து வைக்கும் ஆள் என்றால் அந்த ஆல்பத்துக்கு என்ன சொல்வீர்கள்? இது போலத்தான் இன்னொன்று: ஆல்பம் அமெரிக்காவில் வெளியானது 2006 ஆகஸ்ட் 29, வெள்ளத் தடுப்புக் கரைகளை உடைத்த கத்ரீனா புயல் கரை ஏறி சரியாக ஓராண்டு. உள்ளே கரை உடையப்போகிறது என்று ஒரு பாட்டும் இருக்கிறது. கேட்கும்போது மயிர்க்கூச்செறிகிறது, ஒப்புக்கொள்கிறேன். வெளியீட்டுத் தேதியை வைத்து வரிக்குப் பொருள் சொல்வதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

---

முழக்கயிறு

எல்லாம் சரி. இதற்கு நாங்கள் வழக்கமாக வைக்கும் பெயர் திருட்டு. உறையில் ஒரு நன்றி போட்டால் என்ன குறைந்துவிடும்? மணிமேகலையில் சாத்தனார் 'தெய்வம் தொழாஅள்' குறளை அப்படியே எடுத்தாள்கிறார், ஆனால் 'பொய்யில் புலவன் பொருளுரை' என்று யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறார். இரண்டு சொல்தான் செலவு.

---

ஓரக்குறிப்பு

நியாயமான கேள்வி. முழுமையான விடை என்னிடம் இல்லை, ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

'லவ் அண்ட் தெஃப்ட்' என்ற ஆல்பம் பெயர், காதலும் திருட்டும், எரிக் லாட் 1993இல் எழுதிய ஆய்வு நூலின் பெயர். வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்போல ஆடிப்பாடிய மேடைக்கலையைப் பற்றியது. டிலன் அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்துத்தான் அச்சிட்டார். செய்வதை அட்டையிலேயே சொல்லிவிட்டார் என்று வாதிடலாம். 'வொர்க்கிங்மேன்ஸ் ப்ளூஸ்' பின்னால் 'நம்பர் 2' போட்டதும் அப்படி: நம்பர் 1 கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகார்ட் 1969இல் பாடியது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மறுபக்கம், அதே 2001 ஆல்பத்தில் ஜூனிச்சி சாகா என்ற ஜப்பானிய மருத்துவர் எழுதிய ஒரு யாகுசாவின் (ஜப்பானியக் குற்றக் கும்பல்காரரின்) வாழ்க்கைக் கதையிலிருந்து, ஜான் பெஸ்டரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக, பல வரிகள் வந்திருக்கின்றன. 2003 ஜூலையில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' எழுதிய பிறகுதான் அது வெளியே தெரிந்தது. சாகா வருத்தப்படவில்லை, மகிழ்ச்சி என்றே சொன்னார். ஆனால் அவர் உயிரோடு இருந்த எழுத்தாளர், ஓவிட் அல்ல. அந்த வேறுபாட்டை நானும் அழிக்க மாட்டேன். டிலன் தரப்பு, 2012 பேட்டியில் அவர் சொன்னது: நாட்டுப்புற இசையிலும் ஜாஸிலும் எடுத்தாள்வது செழுமையான மரபு. பாட்டு மரபுக்கு அது பொருந்தும். கிரீனும் பெஸ்டரும் மொழிபெயர்ப்பாளர்கள். அவர்களுடைய மரபில் பெயர் போடுவதுதான் வழக்கம். உரசல் அங்கேதான் வருகிறது.

---

தட்டுச்சுழல்

நன்றி. கிரீனில் 'டிரிஸ்டியா' 1.3 சொன்னபடியே இருக்கிறது. தேடியதில் கிடைத்த இரண்டு பொருத்தங்கள் தேறுமா பாருங்கள், இரண்டும் 'எய்ன்ட் டாக்கிங்', இரண்டும் பைபிள். ஒன்று, நெஞ்சு எரிகிறது என்பது லூக்கா 24:32, எம்மாவூர் வழியில் சீடர்கள் சொல்வது. வழிநடையும் இருக்கிறது, எரியும் நெஞ்சும் இருக்கிறது. இரண்டு, கடைசிச் சரணத்தில் தோட்டக்காரர் போய்விட்டார் என்பது யோவான் 20:15.

வரிகளை எந்தத் தளத்திலிருந்து எடுப்பது நல்லது என்றும் சொல்லுங்கள். தளத்துக்குத் தளம் வேறுபடுகிறது.

---

டெல்டாக்காரன்

தளத்தை நம்பாதீங்க. காதை நம்புங்க, அதுவும் ஆல்பத்துல இருக்கிற பதிவை. கச்சேரியில வரியை மாத்திப் பாடுறது அவர் வழக்கம். யாரோ கச்சேரிப் பதிவைக் கேட்டு எழுதினதை ஆல்பம் வரின்னு போட்டு வச்சிருப்பாங்க. அதுல ஒரு சொல் மாறினா உங்க மூன்று சொல் தேடலே செத்துடும்.

லூக்கா தேறாது. 'நெஞ்சு எரியுது, இன்னும் ஏங்குது' ரெண்டும் சேர்ந்தே ஸ்டான்லி பிரதர்ஸ் பாட்டுல இருக்கு, அங்க அது ஒரு பொண்ணுக்காக. பக்கத்துல, அதே ஒழுங்கில ஒரு மூலம் கைக்குக் கிடைக்கிறப்போ தூரத்து மூலத்துக்கு ஓட வேண்டாம். எம்மாவூர் எதிரொலி ஒருத்தர் காதுல விழலாம், தப்பில்லை. அதை 'எடுத்தார்'னு எழுதினாதான் தப்பு.

---

இயைபு

யோவான் தேறும் என்பது என் கருத்து. காரணம் தோட்டக்காரர் என்ற சொல் மட்டுமில்லை. பாட்டு தொடங்குவதும் ஒரு தோட்டத்தில், முடிவதும் அதே தோட்டத்தில். முதல் சரணத்தில் பூக்கள் காயம்பட்டுத் தொங்குகின்றன. இயேசுவின் கல்லறையில் அவர் உடலைத் தேடும் ஒரு பெண், உயிர்த்தெழுந்து எதிரே நிற்பவரையே தோட்டக்காரர் என்று நினைத்துப் பேசுவதுதான் யோவானில் காட்சி. டிலனில் காட்சியின் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன: தோட்டம், ஒரு பெண், ஒரு பேச்சு, இல்லாமற்போன ஒருவர்.

ஒன்றே ஒன்று திரும்பியிருக்கிறது. யோவானில் மகதலேனா மரியாள் அவரை 'ஐயா' என்று விளிக்கிறாள், ஜேம்ஸ் அரசர் பதிப்பில் 'சர்'. பாட்டில் விளி பெண்ணை நோக்கிப் போகிறது: 'எக்ஸ்க்யூஸ் மீ, மேம்'. அதாவது மரியாள் கேட்ட இடத்தில் இங்கே பதில் சொல்லப்படுகிறது. இங்கே யாரும் இல்லை அம்மா, தோட்டக்காரர் போய்விட்டார். அதற்கு அடுத்து வருவது கடைசிப் பல்லவி மட்டும்தான், அதன் முடிவில்தான் அந்த 'லாஸ்ட் அவுட்பேக்'.